பல்லிடுக்கைப் பார்த்த அறுபத்து மூன்று பேர்

சுவக்கீனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் தப்பைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் மூன்று வருஷம் ஓட்டினேன். அந்த மனுஷன் கண்ணை மூடிய பிறகுதான் வாய் திறந்தேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய. திட்ட நினைக்கிறவர்கள் இப்போதே திட்டிவிட்டு மேலே படிக்கலாம்.

என் பெயர் மத்தியாஸ். மஞ்சக்கல் எஸ்டேட்டில் இருபத்தோரு வருஷமாக உபதேசியார். தேவிகுளம் தாலுகாவில் போடி மலையை ஒட்டிய கடைசித் தேயிலைக்காடு எங்களுடையது. அதற்கு மேலே ஏலக்காடு, அதற்கும் அப்பால் தமிழ்நாடு. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கிறவர் தலைமாட்டில் நிற்பது, செத்தவரை அடக்கம் செய்வது எல்லாம் என் பொறுப்பு. அடக்கத்தில் என் பங்கு வாயால் செய்கிற பங்கு. மண்வெட்டியால் செய்கிற பங்கு சுவக்கீனுடையது.

எஸ்டேட்டில் அவர் கவாத்து ஆள். தேயிலைச் செடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டிச் சமன் செய்கிற வேலை. அவரைப் பெற்றவர்கள் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்; இவர் பிறந்தது எங்கள் மூன்றாம் நம்பர் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில். குள்ளம், அகலத் தோள், கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. குழி வெட்ட அவரை யாரும் நியமிக்கவில்லை. அவர் அப்பா வெட்டினார், அப்பாவுக்குப் பிறகு இவர் வெட்டினார், அவ்வளவுதான். குழி வெட்டுகிறவன் குடிப்பான் என்பார்கள். இவர் குடிக்கவும் மாட்டார்.

அவர் யாரையாவது கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்த்துவிட்டால் போச்சு. "என்ன சுவக்கீன் அண்ணே, அளவு எடுக்கியளா? எனக்கு இன்னும் ரெண்டு பொம்பளப் பிள்ளையக் கட்டிக்குடுக்க இருக்கு" என்று கொழுந்தெடுக்கிற பெண்கள் கத்துவார்கள். அவர் சிரிக்க மாட்டார். "ஒனக்கு அஞ்சேகால் அடி போதும் தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

நான் இங்கே வந்தது ஐம்பத்தெட்டில். உபதேசியார்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கற்றது கைம்மண் அளவு, பேச்சோ கடலளவு. அந்த வருஷம் ஆகமன காலம், அதாவது கிறிஸ்மசுக்கு முந்தின நாலு வாரம், கோயிலில் ஜனங்களை உட்கார வைத்து ஆதி கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசினேன். எனக்கே மிகவும் பிடித்த பாடம் அது.

ஆதியில் ஆண்டவரைக் கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருந்த காலத்தில், அவர் இதோ திரும்பி வந்துவிடுவார் என்று சபையார் நம்பினார்கள். நம் மூணாறு பஸ்ஸை 'இந்தா வருது' என்போமே, அந்த மாதிரி இல்லை. நிஜமாகவே இன்றைக்கு, தவறினால் நாளைக்கு. தெசலோனிக்கே பட்டணத்தில் சிலர் இனி எதற்கு வேலை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். உழைக்க மனமில்லாதவனுக்குச் சோறும் இல்லை என்று சின்னப்பர், அதாவது பவுல் அப்போஸ்தலர், கடிதம் எழுத வேண்டி வந்தது. அப்புறம் ஒரு பெரிய கவலை பிடித்தது அவர்களை. ஆண்டவர் வருவதற்குள் நம் ஆட்கள் சிலர் செத்துப் போய்விட்டார்களே, அவர் வரும்போது உயிரோடு இருக்கிறவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் மண்ணுக்குள் கிடக்கிறவர்கள் கதி என்ன? சாவுக்குப் பயப்படாத ஜனம், இந்த ஒன்றுக்குப் பயந்தது. எக்காளம் ஊதும், செத்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள், அதற்குப் பிறகுதான் நாம் என்று சின்னப்பர் சமாதானம் சொன்னார்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? மின்னல் கிழக்கே வெட்டி மேற்கு வரை தெரிகிற மாதிரி ஆண்டவர் வருவார் என்பதால் ஆதி கிறிஸ்தவர்கள் கிழக்குச் சுவரில் சிலுவை வரைந்து அதைப் பார்த்துத்தான் செபித்தார்கள், செத்தவர்களையும் தலை மேற்கே, கால் கிழக்கே இருக்கும்படி வைத்தார்கள், எழுந்து நின்றால் நேரே அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று அதையும் சொல்லி வைத்தேன்.

செபம் முடிந்து எல்லோரும் போன பிறகு சுவக்கீன் மட்டும் நின்றார். "உபதேசியாரே, நம்ம கல்லறையில காலு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அது ஒரு சரிவு. அவர் அப்பா காலத்துக் குழிகள் கீழ் வரிசையில் சரிவின் போக்கிலேயே வெட்டியிருந்தன. வெட்டச் சுலபம், தண்ணீரும் நிற்காது. "கெழக்கு எது?" என்று கேட்டார் சுவக்கீன்.

எங்கள் எஸ்டேட் ஒரு கிண்ணத்தின் அடி மாதிரி. சுற்றிலும் மலை. சூரியன் முகம் காட்ட எட்டு, எட்டரை ஆகிவிடும். மலை உச்சியில் முன்பல் மாதிரி இரண்டு பாறை, நடுவில் இடைவெளி. பல்லிடுக்கு என்று பெயர். நாங்கள் போய் நின்ற நேரம் சூரியன் அதற்குள்ளிருந்து பளீரென்று வந்தது. சூரியன் வருகிற இடம் கிழக்கு, இதற்கென்ன பெரிய சாஸ்திரம் என்று நான் கையை நீட்டிப் பல்லிடுக்கைக் காட்டினேன். மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கி வரும் என்பதோ, உயர்ந்த மலையைத் தாண்டி வருவதற்குள் இன்னும் தெற்கே போய்விடும் என்பதோ என் மண்டையில் உறைக்கவில்லை. சித்திரையில் அது வேறு இடத்தில் வரும். அந்த நேரம் எல்லோரும் கொழுந்துக் காட்டில் குனிந்துகொண்டிருப்போம், யார் பார்த்தது? ஆனி, ஆடியில் சூரியன் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு மறந்துவிடும்.

அன்று முதல் சுவக்கீன் சரிவுக்குக் குறுக்காக வெட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கம் மூன்றடி வெட்டினால் மறுபக்கம் ஆறடி வெட்ட வேண்டும். மேலிருந்து தண்ணீர் வடிந்து குழிக்குள் இறங்கும். அதற்கு ஒரு வாய்க்கால் வேறு. பாதி நாள் வேலை முழு நாள் ஆயிற்று. குழி முடிந்ததும் உள்ளே இறங்கி ஒரு தடவை மல்லாந்து படுப்பார். தலையைத் தூக்கித் தன் இரண்டு பாதத்துக்கு நடுவே பல்லிடுக்கு தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாவிட்டால் ஏறி வந்து இன்னும் கொஞ்சம் செதுக்குவார். பெட்டியோடு ஜனம் காத்துக்கொண்டு நிற்கும், எனக்கு ஆத்திரமாக வரும். "போதும் அண்ணே, மழை வருது" என்பேன். "ஒருக்காதான உபதேசியாரே வைக்கப்போறோம்" என்பார்.

அறுபத்தைந்தில் அவர் மனைவி கத்தரீனாள் மஞ்சள்காமாலையில் போனாள். பிள்ளைகள் இல்லை. அந்தக் குழியையும் அவரேதான் வெட்டினார், வேண்டாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்தில் தனக்கு என்று ஓர் ஆள் அகலம் விட்டுவைத்தார். அந்த இடத்தில் புல் முளைத்தால் பிடுங்குவார், யாராவது மிதித்தால் முகம் சுளிப்பார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

எழுபத்து மூன்று தை மாதம் சர்க்கார் ஆட்கள் நிலம் அளக்க வந்தார்கள். எது கம்பெனி நிலம், எது சர்க்கார் நிலம் என்று எல்லை போடுகிற வேலை. கல்லறை மேடு வெட்டவெளி என்பதால் அளவுக் கருவியின் முக்காலியை அங்கேதான் நிறுத்தினார்கள். சர்வேயர் மலையாளி. சங்கிலி பிடிக்கிறவர் குப்பண்ணன் என்று வடகரப்பதிக்காரர், கோயமுத்தூர் எல்லைப் பக்கம். சுவக்கீன் அவர்களுக்குக் கட்டன் சாயா கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு நடந்ததைக் குப்பண்ணனே என்னிடம் சொன்னார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாக் குழியும் ஒரே கட்டுக்கு இருக்குது, கீழ் வரிசை மட்டும் வேற மாதிரி இருக்குதுங்களே?" என்று குப்பண்ணன் கேட்டிருக்கிறார்.

சுவக்கீனுக்குப் பெருமை. "அது எங்கப்பா வெட்டுனது, சரிவு போன போக்குல வெட்டிட்டாவ. மேல இருக்கதெல்லாம் நான் வெட்டுனது. கெழக்கு பாத்து வெட்டிருக்கேன்" என்று ஆண்டவர் வருகை, எக்காளம் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார்.

குப்பண்ணன் பல்லிடுக்கைப் பார்த்தார், முக்காலி மேலிருந்த காம்பஸைப் பார்த்தார். "கெழக்குங்களா? இது கெழக்கு இல்லீங்களே. எங்கூர்ல ஊடு கட்டுறப்போ சமையக்கட்டு வெக்கிற மூலைங்க இது. அக்கினி மூலை. கெழக்கு அக்கட்டால இருக்குதுங்க" என்று பல்லிடுக்குக்கு இடது பக்கம் தள்ளி நின்ற மொட்டை மலைச்சுவரைக் காட்டினார். சர்வேயரும் ஊசியைப் பார்த்துத் தலையாட்டினார். அத்தோடு குப்பண்ணன் விட்டாரா? கீழ் வரிசையைக் காட்டி, அதுதான் நூல் பிடித்தது மாதிரி சரியான கிழக்கு என்றார்.

ஒன்றும் தெரியாமல் வெட்டினது சரி. படித்தவன் சொல்லி வெட்டினது தப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

சுவக்கீன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரீனாள் கல்லறைக்குப் போனார். பக்கத்தில் தனக்கு விட்டிருந்த இடத்தில் மல்லாந்து படுத்து, தலையைத் தூக்கிப் பல்லிடுக்கைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அந்த மொட்டை மலையைப் பார்த்தார். குப்பண்ணன் பயந்துபோய், "வெசனப்படாதீங்க, நானொரு கிறுக்கன், வாயில வந்ததச் சொல்லிப்போட்டனுங்க" என்று எழுப்பி உட்கார வைத்தாராம்.

மத்தியானம் சுவக்கீன் கவாத்துக் கத்தியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "உபதேசியாரே, பல்லிடுக்கு கெழக்கு இல்லையாம்."

"யார் சொன்னது?"

"ஊசி சொல்லுது."

"ஊசியாவது, நூலாவது! வேலையைப் பாரும்" என்று எரிந்து விழுந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது, அதுதான் கோபம்.

அவர் போகவில்லை. "கத்தரீனா எந்திரிச்சு அந்தப் பாறையப் பாத்துக்கிட்டு நிப்பா. ஆண்டவரு இங்கிட்டு வருவாரு. அவளுக்கு ஆளத் தெரியாது, புது இடம், கூட்டம். அவ பாட்டுக்கு அங்கனயே நின்னுட்டா என்ன செய்ய?"

"ஆண்டவருக்கு அவளைத் தெரியாதா? உம் பெண்டாட்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்று சர்வவல்லவருக்குக் கண் தெரியாதா?"

"தெரியும்னா, அப்பம் எதுக்கு என்னையப் பதினாலு வருசம் குறுக்கால வெட்டச் சொன்னிய?"

பதில் இல்லாதவன் என்ன செய்வான், சத்தம் போடுவான். நானும் போட்டேன். இன்னதென்று இல்லை, வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் நின்று முழுவதையும் கேட்டார். 'நீங்கதான கைய நீட்டுனிய' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சொல்லவில்லை. "அறுபத்து மூணு பேரு, உபதேசியாரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் சாமியார் வந்தபோது சுவக்கீன் முழங்காலில் நின்று கேட்டார். ஒவ்வொரு குழியாகத் தோண்டி, எலும்பைத் திருப்பி வைத்து மூடிவிடுகிறேன், யாருக்கும் தொந்தரவு இல்லை, வேலை முடிந்து சாயங்காலம் சாயங்காலம் செய்கிறேன், உத்தரவு கொடுங்கள் என்றார். சாமியார் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "சுவக்கீன், ஆதி கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போட்டார்கள், கடலில் தள்ளினார்கள், எரித்தார்கள். அவர்கள் எந்தத் திசை பார்த்துப் படுத்தார்கள்? அவர்களை ஆண்டவர் விட்டுவிடுவாரா?" என்றார்.

"விடமாட்டாரு சாமி. ஆனா அவங்கள ஆரும் கையால எடுத்து வைக்கல. இவங்கள நான் வச்சேன்."

சாமியார் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் அடக்கம் ஆனவர்களைத் தோண்டக் கூடாது, இது கட்டளை என்று சாமியார் முடித்துவிட்டார். சுவக்கீன் கட்டளையை மீறுகிற ஆள் இல்லை. "சரி சாமி" என்று எழுந்துகொண்டார்.

ஆனால் இனி வெட்டுகிறதையாவது சரியாக வெட்ட வேண்டாமா? அடுத்த பங்குனியில், கொழுந்தெடுக்கிற சிசிலியின் மாமியார் செத்தாள். சுவக்கீன் குழியைச் சரியான கிழக்குக்கு வெட்டினார். மற்றக் குழிகளுக்கு நடுவே அது ஒன்று மட்டும் கோணலாகத் தெரிந்தது. சிசிலி சும்மா இருப்பாளா? "எங்க அத்தைய மட்டும் ஏன் கோணலா வச்சிய?" என்று கேட்டாள். சுவக்கீனுக்குப் பொய் வராது. உள்ளதைச் சொல்லிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, பொழுது சாய்வதற்குள் ஆறு லயத்துக்கும் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்து வெளியே வந்தால் செபமாலையம்மாள் நிற்கிறாள். அறுபது வயது. அவள் வாய்க்குப் பயந்து எஸ்டேட் துரையே வேறு வழியாகப் போவார். அவள் வீட்டுக்காரர் செத்தது அறுபத்தொன்பதில்; அவரும் பல்லிடுக்கைப் பார்த்துத்தான் கிடக்கிறார்.

"எங்க வீட்டுக்காரரத் தோண்டித் திருப்பு" என்றாள் சுவக்கீனிடம்.

"சாமியாரு கூடாதுன்னுட்டாரு, மதினி."

"அப்பம் ஆருலே தெச பாத்தது? எந்த மூதேவி பாத்தது?"

நான் செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றடி தள்ளி நிற்கிறேன். நாற்பது, ஐம்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். சுவக்கீன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாந்தான் பாத்தேன். எனக்குப் புத்தி அம்புட்டுத்தான்" என்றார்.

செபமாலையம்மாள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். "நீ வெளங்குவியா? பாவி, அவரு அங்கன நின்னு என்ன செய்வாரு?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சுவக்கீன் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடவும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணே என் பேரைச் சொல்லவில்லை?" என்றேன்.

"உங்க பேரச் சொன்னா நீங்க செபம் சொல்லும்போது ஒருத்தரும் ஆமென் சொல்லமாட்டாவ. என்னைய நம்பாட்டி என்ன, குழி வெட்டத்தான செய்யப்போறேன்" என்றார். எனக்கும் ஒரு கும்பாவில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அதைக் குடித்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு ஜனம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவு வீட்டில் குழி வெட்டச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். வெட்டி முடித்தால் ஒரு வாய் காப்பி கொடுக்க மாட்டார்கள். அளவு எடுக்கியளா என்ற கேலியும் நின்றுபோயிற்று. அவர் தன் வேலையைச் செய்தார், கவாத்துக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் சொன்ன செபத்துக்கெல்லாம் ஆமென் சொன்னார். குப்பண்ணன் அளவு வேலை முடிந்து ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் இவரைத் தேடி வந்து கல்லறை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது எனக்குத் தெரியும். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எழுபத்தாறு ஆடி மாதம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. பத்து நாளாக அடைமழை. டிஸ்பென்சரியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

"மேட்டு உச்சியில ரெண்டு முளைக்குச்சி அடிச்சிருக்கு. குப்பண்ணன் ஊசி வச்சு அடிச்சுக் குடுத்தது. அதுதான் சரியான கெழக்கு. என்னைய அங்கன வச்சிருங்க" என்றார்.

"கத்தரீனாள் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறீரே அண்ணே? பதினோரு வருஷமாகப் புல் பிடுங்கினீரே?"

"அவ பக்கத்துல படுத்தா அவள மாதிரிதான் படுக்கணும். ரெண்டு பேரும் அந்தப் பாறையத்தான் பாப்போம். அதுல ஆருக்கு என்ன பிரயோசனம்?" மூச்சு வாங்க நிறுத்தினார். "மேல படுத்தேன்னா நான் எந்திரிச்ச ஒடனே அவரப் பாத்திருவேன். இந்தா வந்துட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் மடமடன்னு கீழ எறங்கி, ஒவ்வொருத்தரா இங்கிட்டுப் பாருங்க, இங்கிட்டுப் பாருங்கன்னு திருப்பி விட்ருவேன். எந்தக் குழியில ஆருன்னு எனக்குத் தெரியும்லா? கத்தரீனாளையும் திருப்பிருவேன்."

நான் அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. திசையில் ஒன்றும் இல்லை அண்ணே, அவர் எந்தப் பக்கம் வந்தாலும் எல்லோரையும் பார்ப்பார், நிம்மதியாக அவள் பக்கத்தில் படும் என்று சொல்ல நினைத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல? விடியற்காலம் அவர் போய்விட்டார்.

குழி வெட்டுகிறவருக்குக் குழி வெட்ட ஆள் இல்லை. சிசிலியின் புருஷனும் நானும் வெட்டினோம். புத்தகம் பிடித்த கை, ஒரு மணி நேரத்தில் கொப்புளித்துவிட்டது. வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறுகிறது, அள்ளி அள்ளி ஊற்றினோம். எனக்குப் பொறுமை கிடையாது, இருந்தாலும் முளைக்குச்சிக்கு விரல் அகலம் விலகாமல் செதுக்கினேன். எதிரே மலையும் தெரியவில்லை, பல்லிடுக்கும் தெரியவில்லை, ஒரே மூட்டம்.

அடக்கத்துக்கு ஜனம் வந்தது. செத்த பிறகு வராமல் இருப்பார்களா? செபமாலையம்மாளும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். பெட்டியை இறக்கும்போது அவளே கேட்டாள்: "பொண்டாட்டி பக்கத்துல எடம் இருக்கே, இந்தாள எதுக்கு ஒத்தையில மேல கொண்டாந்து வைக்கிய?"

கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். சுவக்கீன் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு, "திசை பார்த்தது அவர் இல்லை. ஐம்பத்தெட்டில் இதே மேட்டில் நின்று பல்லிடுக்கைக் கை நீட்டிக் காட்டியது நான். நீ மண்ணை வாரித் தூற்றினாயே அம்மா, அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றேன். என் மானத்துக்காக அவர் பழியைச் சுமந்தார், நான் சும்மா நின்று பார்த்தேன்" என்றேன்.

சிசிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செபமாலையம்மாள் என் கிட்டே வந்தாள். மண்ணை வாரப் போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வாரட்டும் என்றுதான் நின்றேன்.

அவள் வாரவில்லை. குழிக்கு வலது பக்கம் காலால் ஒரு கோடு இழுத்தாள்.

"அப்பம் உங்களுக்கும் எடம் இங்கனதான். கெழவன் ஒத்தையில எத்தனை பேரத் திருப்புவான்? நீங்களும் கூட எந்திரிச்சு எறங்குங்க."

"சரி அம்மா" என்றேன்.

போகத் திரும்பியவள் நின்றாள். கம்பளியை ஒதுக்கிவிட்டு என் முகத்தருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"மொதல்ல எங்க வீட்டுக்காரருகிட்டப் போங்க. மூணாவது வரிசையில கடைசி. முப்பது வருசம் பாக்டரி மெஷினுக்குப் பக்கத்துல நின்னு ரெண்டு காதும் போச்சு அவருக்கு. கூப்புட்டாக் கேக்காது, எக்காளம் ஊதுனாலும் கேக்காது. தோளத் தொட்டுத் திருப்புங்க."